ஆழமில்லாக் கடலுக்கு ஏற்ற ஃபின்: ராமநாதபுரம் கரையில் சர்ஃப் பலகை ஃபின் செய்யும் முழு வழிகாட்டி

கடையில் வாங்கும் லாங்போர்டு பலகையோடு வருவது பெரும்பாலும் 8 முதல் 10 அங்குல ஆழமுள்ள ஒற்றை ஃபின், அதாவது பலகையின் அடியில் வால்பக்கம் மாட்டும் மீன்துடுப்பு போன்ற தகடு. மகாபலிபுரத்திலோ செங்கல்பட்டுக் கோவளத்திலோ அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அரியமானிலோ பிரப்பன்வலசையிலோ அதே ஃபின்னை மாட்டிக்கொண்டு இறங்கினால், முழங்கால் தண்ணீரில் தரை தட்டும். தட்டாத இடத்தில் கடல்தாழை என்னும் கடற்புல் சுற்றிக்கொள்ளும். கைப்பிடி அளவு தாழை ஃபின்னின் முன்விளிம்பில் மாட்டினாலே பலகை கயிறு கட்டி இழுத்ததுபோல் நின்றுவிடும். இந்தக் கரையில் ஓத ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்குள்தான். அதனால் தண்ணீர் ஏறட்டும் என்று காத்திருந்தும் பெரிய பயனில்லை.

ஆகவே ராமநாதபுரம் கரைக்கு ஃபின் செய்பவர் முதலில் முடிவு செய்ய வேண்டியவை மூன்று: ஆழத்தைக் குறைப்பது, பின்சாய்வைக் கூட்டுவது, இரண்டையும் செய்தபின் பரப்பு ரொம்பவும் குறைந்துவிடாமல் பார்த்துக்கொள்வது. மற்ற அளவுகள் இந்த மூன்றுக்குப் பின்னால் வருபவை.

எந்தக் கடலுக்கு எது

பெண் கடல் என்று அழைக்கப்படும் பாக் நீரிணைப் பக்கம் ஆழம் குறைவு, தாழை அதிகம். கிழக்கிலிருந்து வரும் பெரிய அலைகளை இலங்கை மறைத்துவிடுகிறது. வாடைக்காற்று மாதங்களில் குறுகிய, நெருக்கமான காற்றலை மட்டுமே கிடைக்கும். ஆண் கடலான மன்னார் வளைகுடாப் பக்கம், தெற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் காற்று வீசும் வைகாசி முதல் ஆவணி வரை, தனுஷ்கோடியின் தென்கரையில் ஓரளவு உருப்படியான அலை எழும். அங்கே மணல்தீடைகள் இடம் மாறிக்கொண்டே இருக்கும். நேற்று ஆழமாக இருந்த இடம் இன்று கணுக்கால் அளவு ஆகியிருக்கலாம்.

தென்கரையில் மட்டும் அலையேறுபவருக்கு 200 மி.மீ. ஆழம் வரை போகலாம். வடகடலான பாக் நீரிணைப் பக்கத்துக்கு 170 மி.மீ.க்கு மேல் வேண்டாம். நின்றபடி துடுப்புப் போடும் பலகைக்கும் காற்றுப்பட்டத்தோடு ஓடும் பலகைக்கும் இதே கணக்குதான். கீழே சொல்லப்படுவது வடகடல், தென்கடல் இரண்டிலும் ஓடக்கூடிய 170 மி.மீ. ஒற்றை ஃபின், லாங்போர்டுகளில் பொதுவாக இருக்கும் அமெரிக்க நீளப் பெட்டியில் (பலகையின் அடியில் ஃபின்னைச் செருகும் நீண்ட பள்ளம்) பொருந்துவது.

இந்த முடிவுக்கு ஒரு விலை உண்டு. ஆழமான, ஒடுங்கிய ஃபின் குறைந்த பரப்பிலேயே நல்ல பக்கவிசை தரும். குட்டையான, அகன்ற ஃபின்னில் நுனியைச் சுற்றித் தண்ணீர் வழிந்து சுழல்வது அதிகம் என்பதால் இழுவை கூடும்; அதே பிடிப்புக்குப் பலகை இன்னும் கொஞ்சம் கோணலாக ஓட வேண்டியிருக்கும். காற்றுக்கு எதிராக ஏறுவதில் இதை உடனே உணரலாம். பதிலுக்குக் கிடைப்பது என்னவென்றால், குட்டையான சாய்ந்த ஃபின் திடீரென்று பிடியை விடாது; முன்கூட்டியே நழுவி எச்சரிக்கும்.

சாய்வு புதிய சிந்தனையும் அல்ல. 1935ல் அமெரிக்க அலையேறு வீரர் டாம் பிளேக் வேகப்படகு ஒன்றின் அடிக்கட்டையைப் பலகையில் பொருத்தியதுதான் சர்ஃப் பலகை ஃபின்னின் தொடக்கம். அது ஆழம் குறைந்த நீளமான துண்டு, அவ்வளவே. 1960களில் இன்னொரு அமெரிக்கரான ஜார்ஜ் கிரீனஃப் சூரை மீனின் வாலைப் பார்த்து, அடி தடித்து நுனி மெலிந்து பின்னோக்கி வளையும் ஃபின்களைச் செய்தார். இன்று கடையில் கிடைக்கும் ஒற்றை ஃபின்களில் பல அந்த வம்சம்தான்.

வரைபடம்

மில்லிமீட்டர் கட்டத்தாளில் வரையுங்கள். பலகையின் அடிப்பரப்பு கிடைக்கோடு. அதில் ஃபின்னின் முன்மூலை 0. வரைபடத்தில் ஃபின் தலைகீழாக நிற்பதால் ஆழம் இங்கே உயரம். ஒவ்வொரு உயரத்திலும் முன்விளிம்பும் பின்விளிம்பும் அந்தப் புள்ளியிலிருந்து எத்தனை மி.மீ. பின்னால் வரும் என்பது இது:

உயரம் 0: முன் 0, பின் 180
உயரம் 40: முன் 30, பின் 182
உயரம் 80: முன் 68, பின் 194
உயரம் 120: முன் 120, பின் 214
உயரம் 150: முன் 172, பின் 232
உயரம் 170: நுனி, 235 முதல் 240 வரை, உருட்டலாக

புள்ளிகளை நெகிழும் பிளாஸ்டிக் அளவுகோலை வளைத்து வைத்து இணைக்க வேண்டும். கையால் இணைத்தால் புடைப்பு வரும். புடைப்பு இருக்கும் இடத்தில்தான் தாழை உட்காரும். முன்விளிம்பு அடியில் ஏறக்குறைய 53 பாகையில் தொடங்கி, மேலே போகப் போகப் படுத்துக்கொண்டே போகிறது. முழு நீளத்துக்குச் சராசரி 36 பாகை. 45 பாகைக்கு மேல் நிமிர்ந்த விளிம்பு நீளமாக இருந்தால் தாழை வழுக்கிப் போகாது. நுனி, அடியின் பின்மூலையைத் தாண்டி 60 மி.மீ. பின்னால் நிற்கும்.

இந்த வடிவத்தின் பரப்பு ஏறக்குறைய 197 சதுர செ.மீ. நீங்கள் கோடுகளை மாற்றினால் பரப்பைத் திரும்பக் கணக்கிடுங்கள். சுலபமான வழி: ஒரே அட்டையில் ஃபின் வடிவத்தையும் 10 செ.மீ. சதுரத்தையும் வெட்டி, நகை நிறுக்கும் சிறு தராசில் இரண்டையும் நிறுத்து, ஃபின் எடையைச் சதுரத்தின் எடையால் வகுத்து 100ஆல் பெருக்குவது. 75 கிலோவுக்கு மேற்பட்டவருக்கு 197 போதாமல் தோன்றலாம். அதற்கு ஆழத்தைக் கூட்டாதீர்கள்; பலகையில் இடம் இருந்தால் 80 முதல் 90 மி.மீ. ஆழத்தில் இரண்டு சிறு பக்க ஃபின்களைச் சேருங்கள்.

அடிக்கோட்டுக்குக் கீழே பெட்டிக்குள் இறங்கும் நாக்குப் பகுதியையும் வரைய வேண்டும். இதற்கு எந்த எண்ணையும் நம்பாதீர்கள். உங்கள் பலகையோடு வந்த பழைய ஃபின்னை அட்டையில் வைத்து அதன் நாக்கை அப்படியே படியெடுங்கள். பெட்டிகளின் உள் அகலம் 9.5 மி.மீ.க்கு அக்கம்பக்கம் இருக்கும் என்றாலும் தயாரிப்புக்குத் தயாரிப்பு சிறிது மாறும். வெர்னியர் வைத்து அளந்து, அதில் 0.2 மி.மீ. குறைத்து நாக்கின் தடிமனாக வையுங்கள்.

பொருள்: கண்ணாடி இழையா, பிளைவுட்டா

பைபர் படகு கட்டும் பட்டறை உள்ள ஊரில் ரெசினுக்கு, அதாவது கண்ணாடி இழையை நனைத்து இறுகும் பிசினுக்கு, பஞ்சமில்லை. ஆனால் படகுக்காரர்கள் அதிகம் பயன்படுத்தும் மேட், அதாவது நறுக்கிய இழைகளை அழுத்திய விரிப்பு, ஃபின்னுக்கு ஆகாது. அது தன் எடையைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் ரெசினைக் குடிக்கும். ரெசின் மிகுந்த துண்டு கனமாக இருக்கும், வளையாது, உடையும். ரோவிங், அதாவது முறுக்காத இழைக்கட்டுகளால் நெய்த தடித்த துணியும் வேண்டாம், இழைத்தால் கரடு தட்டும். கேட்டு வாங்க வேண்டியது சதுர மீட்டருக்கு 200 கிராம் எடையுள்ள நெய்த கண்ணாடித் துணி. பழைய படகின் ஓட்டை அறுத்து ஃபின் செய்யும் யோசனை எல்லோருக்கும் ஒருமுறை வரும்; அந்த ஓடு பெரும்பாலும் மேட்டும் ரோவிங்கும் கலந்தது என்பதால் அதை அப்போதே விட்டுவிடலாம்.

முழுக் கண்ணாடி இழை ஃபின்னுக்குத் தேவை:

1 மீட்டர் அகலமுள்ள 200 கிராம் துணி: 3 மீட்டர். 45 பாகையில் வெட்டும் துண்டுகளுக்கு இன்னும் அரை மீட்டர்
பாலியெஸ்டர் ரெசின்: 700 கிராம், மேல்பூச்சுக்குத் தனியாக 100 கிராம்
ரெசினை இறுகவைக்கும் எம்.இ.கே.பி. காட்டலிஸ்ட், கோபால்ட் கலக்காத ரெசின் என்றால் இறுகலை முடுக்கும் கோபால்ட்
400 மி.மீ. சதுரக் கண்ணாடி இரண்டு, தடித்த பாலித்தீன் விரிப்பு
ஒன்றரை அங்குல பிரஷ், குமிழி நீக்கும் இரும்பு ரோலர், அசிட்டோன்
நைட்ரைல் கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, ரசாயன ஆவிக்கான வடிகட்டி முகமூடி

பிளைவுட் வழி மலிவு, எடையும் குறைவு. 9 மி.மீ. மரைன் பிளைவுட் வாங்குங்கள். ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர முத்திரை இருக்க வேண்டும். முத்திரையில்லாத பலகை உப்புத்தண்ணீரில் ஒரு பருவத்திலேயே பிரிந்துவிடும். பிளைவுட்டுக்கு எபாக்ஸி ரெசின்தான் சரி, பாலியெஸ்டர் மரத்தை அவ்வளவு நன்றாகப் பிடிப்பதில்லை. மரத்தில் செய்யும்போது முறை தலைகீழ்: முதலில் இழைத்து வடிவம் கொடுத்து, பிறகு இரு பக்கமும் ஒவ்வொரு அடுக்குத் துணி போர்த்த வேண்டும். 9 மி.மீ. மரமும் இரு பக்க அடுக்கும் சேர்ந்து 9.5 ஆகும், கடைசியில் இழைத்துப் பெட்டி அளவுக்குக் கொண்டுவரலாம். விளிம்பில் மரம் தெரியாமல் இருக்க, வரைகோட்டைவிட 5 மி.மீ. உள்ளே வெட்டி, அந்த 5 மி.மீ.யை ரெசினில் நனைத்த ரோவிங் நூல்களைச் சுற்றிக் கட்டி நிரப்புங்கள். கல்லில் மோதும்போது அடி வாங்குவது அந்த வளையம்தான்.

தரை தட்டுவது வாடிக்கை என்றால் முழுக் கண்ணாடி இழையே மேல். இனி வருவது அதற்கான முறை: துணியையும் ரெசினையும் அடுக்கித் தட்டையான பலகம் ஒன்றை வார்த்து, அதிலிருந்து ஃபின்னை வெட்டி இழைப்பது.

பலகம் வார்த்தல்

துணியை 300 × 250 மி.மீ. துண்டுகளாக வெட்டுங்கள், 3 மீட்டரில் சரியாக 40 கிடைக்கும். 200 கிராம் துணி, சம எடை ரெசினோடு கையால் அடுக்கும்போது ஓர் அடுக்கு 0.25 மி.மீ. வரும். 38 அடுக்கு என்றால் 9.5 மி.மீ. பெட்டி அகலத்தைப் பொறுத்து ஓரிரு அடுக்கைக் கூட்டிக் குறைக்கலாம்.

எல்லாத் துண்டையும் ஒரே திசையில் அடுக்கக் கூடாது. இழைத்து முடித்த ஃபின்னில் நுனியின் தடிமன் 3 மி.மீ.தான். அதாவது 38 அடுக்கில் நடுவில் உள்ள 12 மட்டுமே நுனி வரை போகும். மற்றவை வழியிலேயே தேய்ந்து முடிந்துவிடும். ஆகவே நடு 12 அடுக்கிலும் துணியின் நீளவாட்டு இழை, அடியின் நடுவிலிருந்து நுனிக்குப் போகும் சாய்கோட்டோடு ஓட வேண்டும். அந்தக் கோட்டைப் பலகத்தின் ஓரத்தில் மார்க்கரால் குறித்துவைத்து அடுக்குங்கள். வெளி அடுக்குகளில் ஐந்துக்கு ஒன்றை 45 பாகையில் போட்டால் முறுக்குக்குத் தாங்கும். மேலிருந்து எண்ணினாலும் கீழிருந்து எண்ணினாலும் வரிசை ஒன்றாக இருக்கட்டும். இல்லையென்றால் பலகம் காயும்போது ஒரு பக்கமாக அப்பளம்போல் வளைந்துவிடும்.

இங்குள்ள வெக்கையில் பெரிய சிக்கல் ரெசின் சூடாவது. பாலியெஸ்டர் இறுகும்போது தானே வெப்பம் விடும். 38 அடுக்கையும் ஒரே மூச்சில் அடுக்கினால், வெளியேற வழியில்லாமல் நடுவில் வெப்பம் தேங்கி, பலகம் மஞ்சளாகி உள்ளே விரிசல் விடும், புகைவதும் உண்டு. ஒரு தடவைக்கு 9 அல்லது 10 அடுக்கோடு நிறுத்துங்கள். கையால் தொட்டால் வெதுவெதுப்பு அடங்கி, மேல்பரப்பு இன்னும் ஒட்டும் பதத்தில் இருக்கும்போது அடுத்த தவணை. இரவு முழுக்க விட்டுவிட்டால் மறுநாள் 80 எண் உப்புத்தாள் போட்டுச் சுரண்டி, அசிட்டோனால் துடைத்த பிறகே தொடர வேண்டும். மெழுகு கலந்த ரெசினாக இருந்தால் எப்போதுமே சுரண்ட வேண்டும்.

ஒரு தவணைக்கு ரெசின் 175 கிராம். காட்டலிஸ்ட் 100 கிராமுக்கு 1 மி.லி. கணக்கு. கத்தரி வெயிலில் சீக்கிரம் இறுகுகிறதே என்று காட்டலிஸ்ட்டை 1 சதவீதத்துக்குக் கீழே குறைக்காதீர்கள். என்றைக்கும் முழுதாக இறுகாத, ரப்பர் மாதிரியான பலகம் வரும். கோபால்ட்டைக் குறையுங்கள், அல்லது காலை 7 மணிக்கு வேலையைத் தொடங்குங்கள். 20 முதல் 25 நிமிடம் கைக்கு நேரம் இருக்க வேண்டும். தொடங்குமுன் ஒரு கோப்பையில் 20 கிராம் கலந்து பார்த்தால் தெரிந்துவிடும், ஆனால் மெல்லிய அடுக்கைவிடக் கோப்பையில் எப்போதும் வேகமாக இறுகும் என்பதை நினைவில் வையுங்கள்.

ஒரு விஷயத்தில் விளையாட்டே கூடாது. கோபால்ட்டையும் காட்டலிஸ்ட்டையும் நேரடியாகக் கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கும். கோபால்ட்டை ரெசினில் ஊற்றி நன்றாகக் கலக்கிய பிறகே காட்டலிஸ்ட். இரண்டுக்கும் ஒரே அளவுக்குப்பியையோ ஒரே குச்சியையோ பயன்படுத்தாதீர்கள். காட்டலிஸ்ட் கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. உடனே 15 நிமிடத்துக்குக் குறையாமல் தண்ணீரில் கழுவிக்கொண்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அடுக்கும் முறை: கண்ணாடிமேல் பாலித்தீன் விரித்து, முதலில் ரெசினைத் தடவி, அதன்மேல் துணியை வையுங்கள். ரெசின் கீழிருந்து ஏறி நனைத்தால் காற்று மேலே வெளியேறும். மேலிருந்து ஊற்றினால் குமிழி உள்ளே மாட்டிக்கொள்ளும். துணி நனைந்ததும் கண்ணாடிபோல் தெளிய வேண்டும். வெள்ளைப் புள்ளி தெரிந்தால் ரோலரால் நடுவிலிருந்து வெளியே தள்ளுங்கள். எவ்வளவு உருட்டியும் வெண்மை போகவில்லை என்றால் துணி கடற்காற்றில் ஈரம் குடித்திருக்கிறது. அடுக்குவதற்கு முன் ஒரு மணி நேரம் வெயிலில் காயவைத்து, பிளாஸ்டிக் உறையில் கட்டிவைப்பது இந்த ஊரில் கட்டாயம். கடைசித் தவணை முடிந்ததும் மேலே பாலித்தீன், அதன்மேல் இரண்டாவது கண்ணாடி, அதன்மேல் நான்கைந்து செங்கல். 24 மணி நேரம் கழித்துப் பிரித்து, அசிட்டோன் நனைத்த துணியால் ஓரிடத்தில் தேயுங்கள். பிசுபிசுத்தால் இன்னும் இறுகவில்லை.

வெட்டுதல்

அட்டை வடிவத்தைப் பலகத்தில் வைத்து வரைந்து, கோட்டுக்கு 2 மி.மீ. வெளியே ஜிக்சாவால் அறுங்கள். மரம் அறுக்கும் பிளேடு இரண்டு அங்குலத்திலேயே மழுங்கிவிடும். உலோக பிளேடு அல்லது கார்பைடு துகள் ஒட்டிய பிளேடு வேண்டும். மீதி 2 மி.மீ.யை அரத்தால் கோடுவரை கொண்டுவரலாம். கண்ணாடித் தூசி மூச்சுக்குழலுக்கும் தோலுக்கும் பகை. முழுக்கை சட்டை, முகமூடி, முடிந்த இடத்திலெல்லாம் தண்ணீர் விட்டுத் தேய்ப்பது. அந்தத் தூசித் தண்ணீரைக் கடலிலோ வாய்க்காலிலோ கொட்டாமல் வாளியில் படியவிட்டு, அடியில் தங்கும் சகதியைக் குப்பையில் போடுங்கள்.

இழைத்து வடிவமெடுத்தல்

நல்ல ஃபின்னையும் பலகைத் துண்டையும் பிரிக்கும் வேலை இதுதான். நிதானமாக ஒரு நாள் ஒதுக்குங்கள்.

ஒற்றை ஃபின்னின் குறுக்குவெட்டு இரு பக்கமும் சமமானது. அதிகத் தடிமன் முன்விளிம்பிலிருந்து 30 சதவீதத் தொலைவில். விமான இறக்கைக்காக அமெரிக்காவில் உருவான நாகா நான்கிலக்க வடிவத்தை அடியில் 9.5 மி.மீ. தடிமனுக்குச் சுருக்கினால் 180 மி.மீ. அகலத்தில் இப்படி வரும்: முன்னிலிருந்து 9 மி.மீ.யில் தடிமன் 5.6, 18ல் 7.4, 36ல் 9.1, 54ல் 9.5, 90ல் 8.4, 126ல் 5.8, 162ல் 2.3, பின்விளிம்பில் 1. முன்பகுதி சட்டென்று தடிக்கிறது, பின்பகுதி நிதானமாக மெலிகிறது என்பதைக் கவனியுங்கள். புதிதாகச் செய்பவர்கள் இதைத் தலைகீழாகச் செய்துவிடுவார்கள். முன்விளிம்பைக் கத்திபோல் கூராக்கினால் வேகம் வரும் என்ற எண்ணம்தான் காரணம். கூர்மையான முன்விளிம்பு நேராக ஓடும்போது சும்மா இருக்கும். பலகை கொஞ்சம் கோணலானதும் தண்ணீர் அந்தக் கூரைச் சுற்றி வளைய முடியாமல் பிய்ந்துபோய், பிடி மொத்தமாக விட்டுவிடும்.

உயரம் போகப் போகத் தடிமன் குறைய வேண்டும்: 80 மி.மீ. உயரத்தில் 7.5, 120ல் 5.5, 150ல் 4, நுனியில் 3.

முதலில் நாக்குப் பகுதியை மூன்று சுற்று டேப்பால் மூடுங்கள். அங்கே கிரைண்டர் ஒருமுறை பட்டாலும் பெட்டியில் ஆட்டம் கண்டுவிடும். பிறகு விளிம்பைச் சுற்றி நடுக்கோடு வரையுங்கள். கடைசிவரை அந்தக் கோடு அழியக் கூடாது. ஒவ்வொரு உயரத்திலும் 30 சதவீதப் புள்ளியைக் குறித்து இணைத்தால் முகடு கிடைக்கும். நான்கு அங்குல ஆங்கிள் கிரைண்டரில் 60 எண் ஃப்ளாப் டிஸ்க் போட்டு, முகட்டிலிருந்து பின்விளிம்பை நோக்கிச் சரிவு இறக்குங்கள். அது முடிந்தபின் முகட்டிலிருந்து நுனியை நோக்கி. முன்விளிம்பு கடைசி. ஒரு பக்கத்தை முழுதாக முடித்துவிட்டு மறுபக்கம் போகாதீர்கள். ஒரு நிலைக்கு ஒரு பக்கம் என்று மாற்றி மாற்றிச் செய்தால்தான் சமம் தங்கும். டிஸ்க்கை ஒரே இடத்தில் அழுத்தி நிறுத்தினால் ரெசின் கருகும்.

இங்கே துணி அடுக்குகளே உங்களுக்கு வழிகாட்டி. இழைக்க இழைக்க ஒவ்வொரு அடுக்கின் விளிம்பும் நிலவரைபடத்தின் உயரக்கோடுபோல் வரிவரியாகத் தெரியும். அடிப்பகுதியில் முகட்டிலிருந்து பின்விளிம்புவரை ஒவ்வொரு பக்கமும் 17 வரி வர வேண்டும்: 4.25 மி.மீ. இறக்கம், வரிக்கு 0.25. இரு பக்க வரிகளும் ஒரே இடத்தில் ஒரே வளைவில் ஓடினால் ஃபின் சமம். ஓரிடத்தில் வரிகள் நெருங்கினால் அங்கே சரிவு செங்குத்து, அகன்றால் அங்கே தட்டை, நெளிந்தால் பள்ளம். வெர்னியரைவிட இந்த வரிகள் நேர்மையானவை. பிளைவுட்டில் பசைக்கோடுகள் இதே வேலையைச் செய்யும், ஆனால் எண்ணிக்கை குறைவு.

வரி சரியாக வந்தபின் கிரைண்டரை வைத்துவிடுங்கள். தட்டையான மரக்கட்டையில் 80 எண் தாளைச் சுற்றிக் குறுக்காகத் தேய்த்து மேடுபள்ளம் எடுக்க வேண்டும். அப்புறம் 120, 220. முன்விளிம்பை அடியில் 1 முதல் 1.5 மி.மீ. ஆரத்துக்கு உருட்டுங்கள், மேலே போகப் போக அந்த ஆரம் குறையலாம். பின்விளிம்பு 1 மி.மீ. தடிமனில், சதுரமாக. அதற்கும் மெலிதாக்கினால் மணலில் ஒருமுறை உரசினாலே பொரிந்துபோகும், கால் கிழியவும் வாய்ப்பு.

நாக்கு, துளை, மேல்பூச்சு

வடிவப் பகுதியும் நாக்கும் சேரும் கோட்டில்தான் எல்லா விசையும் வந்து சேர்கிறது. அங்கே கத்தியால் கீறியதுபோல் படி வெட்டாமல் 2 மி.மீ. உருட்டலோடு விடுங்கள். முறிந்த ஃபின்களைப் பார்த்தால் பெரும்பாலும் இந்தக் கோட்டில்தான் போயிருக்கும்.

நாக்கின் பின்பக்கத்தில், பெட்டியில் மாட்டிக்கொள்ளும் குறுக்குக் கம்பிக்குப் பித்தளைதான் நல்லது. சாதாரண இரும்பு இந்த உப்புக்காற்றில் துருப்பிடித்துப் பெட்டியோடு ஒட்டிக்கொள்ளும். விட்டத்தைப் பழைய ஃபின்னில் அளந்து, துளையைக் கம்பத் துளைப்பானில் (பில்லர் டிரில்) போடுங்கள். கையால் போட்டால் கோணலாகி, ஃபின்னும் கோணலாக உட்காரும். பிளைவுட் ஃபின்னில் துளையை இரண்டு மடங்கு பெரிதாகப் போட்டு, எபாக்ஸியும் நறுக்கிய இழையும் கலந்து நிரப்பி, இறுகியபின் நடுவில் மறுபடி துளையிடுங்கள். இதைச் செய்யாவிட்டால் தண்ணீர் அந்தத் துளை வழியாக மரத்துக்குள் ஏறும்.

மேல்பூச்சு மெல்லிய ஒரே பூச்சு. முகம்பார்க்கும் பளபளப்பு தேவையில்லை. இறுகியபின் வாட்டர் பேப்பரில் 400, பிறகு 600, ஓட்டம் எப்போதும் முன்னிருந்து பின்னாக. நாக்கில் பூச்சு ஏறியிருந்தால் தேய்த்து எடுங்கள். பெட்டியில் விரலால் அழுத்தினால் இறங்க வேண்டும், தட்டி இறக்கும் நிலை வரக் கூடாது.

பக்க ஃபின்கள் செய்பவர்களுக்கு

மூன்று ஃபின் அமைப்பு 1981ல் ஆஸ்திரேலிய அலையேறு வீரர் சைமன் ஆண்டர்சன் அந்நாட்டின் பெல்ஸ் கடற்கரைப் போட்டியில் வென்றதிலிருந்து உலகெங்கும் பரவியது. அதில் நடு ஃபின் மட்டுமே சமச்சீர். பக்க ஃபின்களில் உட்பக்கம் தட்டை, வெளிப்பக்கம் மட்டும் வளைவு. இழைப்பு ஒரு பக்கம்தான், ஆனால் இடமும் வலமும் கண்ணாடிப் பிம்பமாக வர வேண்டும். ஒரே பலகத்திலிருந்து இரண்டையும் வெட்டி, பக்கத்தில் பக்கமாக வைத்து வரிகளை ஒப்பிட்டபடி இழையுங்கள். 110 மி.மீ. அடி நீளத்துக்கு முன்மூலை, பின்மூலையைவிட ஏறக்குறைய 6 மி.மீ. பலகையின் நடுக்கோட்டை நோக்கி இருக்கும். வெளிச்சாய்வு 5 முதல் 7 பாகை. முதல் கோணம் பெட்டியிலேயே அமைந்தது, வெளிச்சாய்வு பெட்டியிலோ ஃபின்னின் அடியிலோ இருக்கும். எஃப்.சி.எஸ்., ஃப்யூச்சர்ஸ் என்ற இரு நிறுவனப் பெட்டிகளுக்கான நாக்குகள் வெவ்வேறு என்பதால் இங்கும் பழைய ஃபின்னே அச்சு.

கடலில் பார்த்து எடுப்பது

முதல் ஓட்டத்தில் ஃபின்னைப் பெட்டியின் நடுவில் வையுங்கள். பின்னால் தள்ளினால் பலகை நேராகவும் உறுதியாகவும் ஓடும், திரும்பச் சோம்பும். முன்னால் கொண்டுவந்தால் சுலபமாகத் திரும்பும், வால் அலையும். ஒரு தடவைக்கு 10 மி.மீ.க்கு மேல் நகர்த்தினால் எது எதனால் என்று தெரியாமல் போகும். இந்த வடிவத்தின் விசைமையம் பின்சாய்வால் ஏற்கெனவே பின்னால் தள்ளியிருப்பதால், பழைய நிமிர்ந்த ஃபின் இருந்த இடத்தைவிட 15 முதல் 20 மி.மீ. முன்னால்தான் பெரும்பாலும் சரியாக அமையும்.

மண்டபம், பாம்பன் பக்கம் பாசி வளர்க்கும் மூங்கில் மிதவைகளின் கயிறு தண்ணீர் மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஓடும். ஃபின் எவ்வளவு சாய்ந்திருந்தாலும் அதைத் தாண்டாது, அடுத்தவர் பிழைப்பும் கெடும், விலகியே ஓடுங்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986ல் அறிவிக்கப்பட்ட கடல் தேசியப் பூங்காவுக்குள் வருபவை. அங்குள்ள பவளப் பார்களின்மேல் ஃபின்னோடு ஓடிச் சோதனை செய்வது சட்டப்படியும் தவறு, பவளத்துக்கும் கேடு.

ஓட்டத்தில் தெரியும் குறைகளுக்குக் காரணம் பெரும்பாலும் இழைப்பில்தான். வேகத்தில் ஃபின் ரீங்காரம் இடுகிறதா? பின்விளிம்பிலிருந்து சுழல்கள் ஒரே தாளத்தில் இடமும் வலமுமாகக் கழன்று விளிம்பை அதிரவைக்கின்றன. பின்விளிம்பின் ஒரு பக்கத்தை மட்டும் 30 பாகையில் லேசாகச் சீவிவிட்டால் தாளம் கலைந்து சத்தம் நின்றுவிடும். பலகை எப்போதும் ஒரே பக்கம் இழுக்கிறதென்றால் முதலில் நாக்கைப் பாருங்கள், பெட்டியில் சாய்ந்து உட்கார்ந்திருக்கலாம். அது நேராக இருந்தால் வரிகளை எண்ணுங்கள், ஒரு பக்கம் கூடுதலாகத் தேய்ந்திருக்கும். திரும்பும்போது வால் சட்டென்று வழுக்கிவிட்டால் முன்விளிம்பின் கூர்மையைச் சந்தேகியுங்கள், அல்லது அடிக்கோட்டில் ஃபின்னுக்கும் பலகைக்கும் இடையே உள்ள இடைவெளி வழியாகக் காற்று உறிஞ்சப்படுகிறதா என்று பாருங்கள். குறுகிய காற்றலையில் பலகையின் வால் அடிக்கடி தண்ணீரைவிட்டு எழும்புவதால் இரண்டாவது காரணம் இங்கே சகஜம். அந்த இடைவெளியை மெல்லிய டேப்பால் மூடியே சரிசெய்யலாம்.

நுனி வெள்ளை பூத்தால் உள்ளே அடுக்குகள் விட்டுப்போகத் தொடங்கிவிட்டன. வெண்மை நகக்கண் அளவில் இருந்தால் அந்த இடத்தைச் சுரண்டி, நன்றாகக் காயவைத்து, ஓரடுக்குத் துணி போர்த்தி மறுபடி இழைக்கலாம். அடிக்கோட்டில் வெண்மை தெரிந்தால் ஒட்டுப்போட்டுப் பயனில்லை, அடுத்த பலகத்தை வார்க்க வேண்டியதுதான். பொரிந்த விளிம்புக்கு எபாக்ஸியில் நறுக்கிய இழை கலந்து அப்பி, இரு பக்கமும் டேப் ஒட்டி இறுகவிட்டு, 220 தாளில் தேய்த்தால் அரை மணி நேர வேலை.